அஞ்செட்டிக் காட்டில் உண்ணிச்செடியை அளக்க

தர்மபுரி

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. காவேரிப்பட்டணத்துத் தோப்புகளில் பூ நன்றாகப் பிடித்திருக்கிறது என்று படித்ததும் மனசு நிறைந்தது.

அஞ்செட்டிப் பக்கம் மாணவர்களோடு போய், உண்ணிச்செடி (லன்டானா), சீமைக்கருவேலம் இரண்டில் எது காட்டை அதிகம் கெடுக்கிறது என்று அளக்கப்போவதாக எழுதியிருந்தாய். முதலில் ஒன்று. வெளியிலிருந்து வந்த செடி எல்லாமே ஆக்கிரமிப்புச் செடி இல்லை. பாலக்கோட்டுத் தக்காளியின் பூர்வீகமும் தென் அமெரிக்காதான். அது வயலைத் தாண்டிக் காட்டைப் பிடிக்கவில்லை. பரவும் வேகத்துக்கு ரிச்சர்ட்சன் என்ற ஆய்வாளரின் குழு 2000இல் ஒரு தோராய அளவுகோல் சொன்னது: விதையால் பரவுவது தாய்ச்செடியிலிருந்து 50 ஆண்டுக்குள் 100 மீட்டருக்கு மேல், வேராலோ தண்டாலோ பரவுவது 3 ஆண்டில் 6 மீட்டருக்கு மேல். ஆனால் வேகம் வேறு, கேடு வேறு. கேட்டுக்கு பார்க்கர் என்ற ஆய்வாளரின் குழு 1999இல் கொடுத்த கணக்கே எனக்குச் சரியாகப் படுகிறது: பிடித்த பரப்பு, அங்குள்ள அடர்த்தி, ஒரு செடி செய்யும் பாதிப்பு, மூன்றையும் பெருக்கு.

பரப்புக்குச் செயற்கைக்கோள் படம் ஓரளவு உதவும். சென்டினல்-2 என்ற செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். காடு இலையுதிர்த்து நிற்கும் மார்ச் மாதப் படத்தில் சீமைக்கருவேலம் பச்சையாகத் தனித்துத் தெரியும். ஓடையோர மருதும் புங்கனும் அப்படியே தெரியும் என்பதால் நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும். மர நிழலில் கிடக்கும் உண்ணிச்செடி படத்தில் சிக்காது.

அதை அளக்க 50 மீட்டர் டேப்தான். நேராக இழுத்துக் கட்டி, புதர் டேப்பைத் தொடும் இடத்தையும் விடும் இடத்தையும் குறித்துக்கொண்டே போ. தொட்ட நீளமெல்லாம் கூட்டி 17 மீட்டர் வந்தால் மூடல், அதாவது புதர் மூடியிருக்கும் பங்கு, 34 சதவீதம். தூர்களை எண்ணச் சொல்லாதே. ஒரே வேரிலிருந்து பல தண்டு வரும், ஆளுக்கொரு எண் சொல்வார்கள். டேப் போடும் இடங்களை வரைபடத்தில் குலுக்கல் முறையில் முன்பே எடுத்துவிடு. பாதையோரமாகவே போட்டால் அளவு ஏறிப்போகும், வெளிச்சம் விழும் ஓரங்களில்தான் இது அதிகம்.

பாதிப்பை அளக்கும் இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். புதருக்குள் 10க்கு 10 மீட்டர் கட்டம் ஒன்று, புதர் இல்லாத இடத்தில் ஒன்று என்று ஜோடியாகப் போடு. சரிவு, மண், ஆட்டுப்பட்டியிலிருந்து தூரம் மூன்றும் ஒத்திருக்க வேண்டும். உள்ளே 1 மீட்டர் சதுரங்கள் வைத்து துரிஞ்சி, வெப்பாலை போன்ற நாட்டு மரக்கன்றுகளை எண்ணு. புதருக்குள் கன்று குறைவாக இருந்தாலும் உடனே உண்ணிச்செடியைக் குற்றம் சொல்லிவிட முடியாது. கோடாலியும் தீயும் ஆடும் திறந்துவிட்ட இடத்தில்தான் பெரும்பாலும் அது நுழைகிறது; கன்று இல்லாததற்கும் அவையே காரணமாக இருக்கலாம். அதனால் சில கட்டங்களில் செடியை எடுத்துவிட்டு, பாதிக்கு முள்வேலி போட்டு, அடுத்த மழை முடிந்ததும் மறுபடி எண்ணிப் பார். வேலிக்குள் மட்டும் கன்று வந்தால் ஆடுதான் தடை. வெளியிலும் வந்தால் உண்ணிச்செடியே அமுக்கி வைத்திருந்தது. எங்குமே வராவிட்டால், பக்கத்தில் விதை தரும் தாய்மரம் இருக்கிறதா என்று தேடு.

எடுக்கும்போது மேலே வெட்டினால் இன்னும் அடர்ந்து துளிர்க்கும். மண்ணுக்குள் 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடு. மழைக்குப் பிறகு பறவை எச்சத்தில் விழுந்த விதைகள் முளைக்கும், குறிப்பாகக் குருவிகள் உட்காரும் மரத்தடியில். அவற்றைக் கையாலேயே பிடுங்கிவிடலாம்.

சீமைக்கருவேலத்துக்கு ஏரிக்கரையும் ஆட்டுப்பட்டியும் பார். நெற்றைத் தின்ற ஆடு விதையைப் புழுக்கையோடு அங்கே போடுகிறது.

வனத்துறை அனுமதி கையில் வராமல் பிள்ளைகளை உள்ளே கூட்டிப் போகாதே. அடர்ந்த புதருக்குப் பின்னால் யானை நின்றால் பத்தடி தூரத்திலும் தெரியாது. வழி தெரிந்த வனக்காவலர் முன்னால் போகட்டும். முதல் ஜோடிக் கட்டத்தின் எண்கள் வந்ததும் எனக்கு அனுப்பு, கட்ட அளவு போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சண்முகம்