வனச் சட்ட வரலாற்றில் கிராம சபையின் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய வனச் சட்டங்களின் வளர்ச்சி குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 1865ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி 2023ஆம் ஆண்டுத் திருத்தம் வரை ஒரே ஓட்டமாகச் சொல்லிச் செல்லும் அக்கட்டுரை பயனுள்ளதுதான். ஆனால், காட்டைக் காக்கும் அதிகாரம் அரசிடம் படிப்படியாக வலுப்பெற்று வந்த கதையாக மட்டுமே அது முழு வரலாற்றையும் காண்கிறது. காட்டை நிர்வகிக்கும் உரிமை ஊர்களின் கையிலிருந்து எடுக்கப்பட்டதும், 2006இல் நாடாளுமன்றம் அதைச் சட்டமாகவே அங்கீகரித்ததும், அதன் பிறகும் அந்த உரிமை பெரும்பாலும் ஏட்டளவிலேயே நிற்பதும் அதில் இடம்பெறவில்லை. மலையடிவாரத்தில் வாழும் ஒரு வாசகன் என்ற முறையில் அந்தப் பகுதியை நிரப்ப விரும்புகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டமே நம் மாநிலக் காடுகளையும் ஆள்கிறது என்ற எண்ணம் கட்டுரையைப் படிப்பவருக்கு ஏற்படும். தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பது 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். அதுவே இப்போது தமிழ்நாடு வனச் சட்டம் என்று வழங்குகிறது. சென்னை மாகாணத்துக்குத் தனிச் சட்டம் வந்ததற்குப் பின்னால் ஒரு விவாதம் இருக்கிறது. காடுகள் அனைத்தையும் அரசின் உடைமையாக்க முயன்றபோது, ஏதாவதொரு கிராமத்தின் எல்லைக்குள் அடங்காத காடு இம்மாகாணத்தில் அநேகமாக இல்லை என்று 1871இல் சென்னை வருவாய் வாரியமே எதிர்ப்புத் தெரிவித்தது. மேய்ச்சலும் விறகும் தழையுரமும் குடிகளின் வழக்க உரிமை என்பதை அன்றைய வெள்ளை அதிகாரிகளில் ஒரு சாரார் தெளிவாக உணர்ந்திருந்தனர். அந்த எதிர்ப்பு நீடிக்கவில்லை என்பதுதான் துயரம். 1882இல் வந்த சட்டம் 4ஆம் பிரிவின்கீழ் ஒரு காட்டைக் காப்புக்காடாக்கும் எண்ணத்தை அறிவித்து, உரிமை கோருவோர் குறிப்பிட்ட கெடுவுக்குள் அலுவலர் முன் வந்து நிரூபிக்க வேண்டும் என்றது. 16ஆம் பிரிவின்கீழ் இறுதி அறிவிக்கை வந்துவிட்டால் கோரப்படாத உரிமைகள் அற்றுப்போகும். எழுத்தறியாத மலைக்குடிகள் அரசிதழைப் பார்த்து, கெடு முடிவதற்குள் மலையிறங்கி வந்து மனு கொடுத்திருப்பார்கள் என்று எவராலும் நம்ப முடியுமா? இன்றைய காப்புக்காடுகளில் பெரும்பகுதி இந்த வழியில் உருவானவை என்பதை மறந்துவிட்டு, 'ஆக்கிரமிப்பாளர்' என்ற சொல்லை நாம் இவ்வளவு எளிதாகப் பயன்படுத்தக் கூடாது.

இதை மக்கள் அமைதியாக ஏற்றுக்கொள்ளவும் இல்லை. சென்னை மாகாண அரசு 1912-13இல் ஒரு வனக் குழுவை அமைத்துக் குறைகளைக் கேட்க வேண்டியிருந்தது. குடிகளின் தேவைக்கான காடுகளைக் கிராமப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கலாம் என்ற யோசனை அந்தக் காலத்திலேயே எழுந்து, சில இடங்களில் வனப் பஞ்சாயத்துகளும் ஏற்பட்டன. 1921இல் அதே மாகாணத்தின் குண்டூர் மாவட்டத்துப் பல்நாட்டில் மேய்ச்சல் கட்டணத்தைச் செலுத்த மறுத்து மக்கள் போராடினார்கள். ஆகவே, ஊர் தன் காட்டை நிர்வகிப்பது அண்மைக்கால ஆர்வலர்கள் கண்டுபிடித்த புதுமை அன்று.

விடுதலைக்குப் பிறகு நிலைமை மாறியிருக்க வேண்டும். 1952ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையோ, ஒரு கிராமம் காட்டுக்கு அருகில் அமைந்திருப்பது தற்செயலானது என்றும், அதனால் ஒட்டுமொத்த நாட்டின் உரிமை பாதிக்கப்படலாகாது என்றும் கூறியது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டமும் உண்மையிலேயே காடுகளைக் காத்தன. அதில் எனக்கு ஐயமில்லை. காட்டில் வாழும் மக்களின் தேவைக்கு முன்னிடம் தர வேண்டும் என்று 1988ஆம் ஆண்டுக் கொள்கைதான் முதன்முதலாகச் சொன்னது. அதையொட்டி இங்கே கிராம வனக் குழுக்கள் உருவாயின. ஆனால் அவற்றில் வனத்துறை அலுவலரே செயலர். திட்ட நிதி வந்தவரை குழுவும் இருந்தது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்த வரிசையில் இன்னொரு சட்டம் அன்று. அது உரிமையை வழங்கவில்லை. ஏற்கெனவே இருந்த உரிமையை அங்கீகரித்தது. பொதுவெளியில் நாம் பேசுவதெல்லாம் அச்சட்டத்தின்கீழ்க் கிடைக்கும் தனிநபர் நிலப் பட்டாவைப் பற்றித்தான். என் பார்வையில் அதன் உயிர்நிலை 3(1)(ஐ) பிரிவு. மரபாகப் பாதுகாத்துவந்த சமூக வன வளத்தைக் காக்கவும், மீட்டுருவாக்கவும், நிர்வகிக்கவும் ஊருக்கு உள்ள உரிமையை அது சொல்கிறது. 5ஆம் பிரிவு வன உயிர்களையும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அளிக்கிறது. சரணாலயங்களும் புலிகள் காப்பகங்களும் இதற்கு விலக்கல்ல. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா என்ற கோண்டு பழங்குடி ஊர் 2009இல் சுமார் 1,800 எக்டேர் காட்டின்மீது இந்த உரிமையைப் பெற்றது. 2011 முதல் தன் மூங்கிலைத் தானே வெட்டி விற்கிறது. தமிழ்நாட்டிலோ சென்னை உயர் நீதிமன்றம் 2008இல் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் பட்டயம் வழங்குவதே முடங்கிக் கிடந்து, 2016இல்தான் தடை நீங்கியது. இழந்த அந்த எட்டு ஆண்டுகளை ஈடுசெய்யும் வேகம் இன்றுவரை தென்படவில்லை.

இதன் விளைவை எங்கள் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் கண்கூடாகக் காணலாம். செம்மேனியில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட பர்கூர் மாடு தொழுவத்தில் கட்டித் தீவனம் போட்டு வளர்க்கும் இனம் அன்று. காட்டுக்குள் பட்டி போட்டு, பருவத்துக்கு ஏற்ப இடம் மாற்றி மேய்த்தே அது இதுகாறும் தழைத்துவந்தது. தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை என்று 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2024 தொடக்கத்தில் அந்தியூர், பர்கூர் மலைப்பகுதியில் சுமார் 80 ஆயிரம் எக்டேர் காடு தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மேய்ச்சலை உரிமையாகவே குறிப்பிடும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(1)(டி) பிரிவு மலைமக்களுக்கு என்ன பயன் தரும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. சரணாலயம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சத்தியமங்கலத்துக்கும் காவிரிக் கரைக்கும் இடையே யானைகள் நடமாடும் அந்தக் காடு காக்கப்பட்டே ஆக வேண்டும். ஆனால் எந்த ஊருக்கு எதுவரை மேய்ச்சல் எல்லை, எத்தனை பட்டிகள், எந்த மாதங்களில் என்பதை அந்தந்தக் கிராம சபையோடு அமர்ந்து எழுதி முடித்த பிறகு அறிவிக்கை வெளியிடுவதுதான் சரியான முறை. அறிவித்துவிட்டுப் பிறகு உரிமையைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது 1882இன் வழி.

தேசிய அளவிலும் காற்று எதிர்த்திசையில்தான் வீசுகிறது. காட்டு நிலத்தை மாற்றுவதற்கு முன் கிராம சபையின் இசைவு வேண்டும் என்று 2009இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் சுற்றறிக்கை அனுப்பியது. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த 2022ஆம் ஆண்டு விதிகளோ, மத்திய அரசின் ஒப்புதலுக்குப் பிறகு மாநில அரசு அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நகர்த்திவிட்டன. அதே சட்டத்துக்கு வந்த 2023ஆம் ஆண்டுத் திருத்தம் நாட்டின் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் அமையும் சில திட்டங்களுக்கும், உயிரியல் பூங்காக்களுக்கும், சூழல் சுற்றுலாவுக்கும் விலக்கு அளிக்கிறது. மாடு மேய்ப்பவருக்கு மூடப்படும் காடு சுற்றுலா விடுதிக்குத் திறக்கப்படுமானால், அதை வனப் பாதுகாப்பு என்று அழைப்பதை நான் ஏற்க மாட்டேன். காடுகளைக் காப்பது பற்றிய கோதவர்மன் வழக்கில் 1996இல் தரப்பட்ட, அகராதிப் பொருளில் காடாக உள்ள அனைத்தும் காடே என்ற விளக்கத்தைத் தொடர்ந்து பின்பற்றுமாறு உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் இடைக்கால ஆணை பிறப்பித்திருப்பது ஓரளவு ஆறுதல்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். இம்மாநிலத்தில் எத்தனை கிராம சபைகளுக்குச் சமூக வன வள உரிமைப் பட்டயம் தரப்பட்டிருக்கிறது, எத்தனை கோரிக்கைகள் கோட்ட, மாவட்ட அளவிலான குழுக்களில் நிலுவையில் இருக்கின்றன, நிராகரித்தவற்றுக்கு எழுத்து மூலம் காரணம் கூறப்பட்டதா என்பதை மாவட்டவாரியாகக் கேட்டுப் பெற்று வெளியிடுங்கள். பர்கூரிலிருந்தே தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
அந்தியூர், ஈரோடு மாவட்டம்