சித்தியின் மறதி நோய்: தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

சங்கிலியை நீதான் எடுத்துவிட்டாய் என்று உன் அம்மா, என் சித்தி, பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னது உன் மனசை அறுத்துக்கொண்டிருக்கிறது. "பெத்த பிள்ளையைத் திருடின்னு எந்த அம்மா சொல்லுவா?" என்று கேட்டாய். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். நம்மைப் போல இன்னும் பல வீடுகள் இருக்கும், பெயர் போடாமல் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுங்கள் என்று நீயே சொன்னதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1901-ல் பிராங்க்பர்ட் நகரத்து மனநல மருத்துவமனைக்கு அகுஸ்தே டெட்டர் என்ற 51 வயது அம்மாவைக் கூட்டி வந்தார்கள். முதலில் வெளியே தெரிந்தது மறதிகூட இல்லை, கணவர்மேல் காரணமே இல்லாத சந்தேகம். அவரைப் பார்த்த டாக்டர்தான் அலோய்ஸ் அல்சைமர். சித்திக்கு வந்திருக்கிற இந்த மறதி நோய்க்கு அவர் பெயர்தான். 1906-ல் அந்த அம்மா இறந்த பிறகு மூளையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். செல்களுக்கு வெளியே கட்டிகட்டியாகப் படிவு, உள்ளே முறுக்கிக்கொண்ட நார். இன்று அந்தப் படிவை அமிலாய்டு என்றும் நாரை டாவ் என்றும் சொல்கிறார்கள். இரண்டுமே புரதம்தான்.

பெரும்பாலும் இந்தச் சேதம் முதலில் பிடிக்கிற இடங்களில் ஒன்று, புது ஞாபகத்தைப் பதிய வைக்கிற ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி. சித்தி சங்கிலியைத் தலையணை உறைக்குள் வைத்தது மறந்துபோகவில்லை, முதலிலேயே பதியவில்லை. அவரைப் பொறுத்தவரை நேற்று கழுத்தில் இருந்தது இன்று இல்லை. வீட்டில் இருப்பது நீ ஒருத்திதான். வேறு யாரைச் சொல்வார், நீயே சொல். அதனால் வாதாடாதே. "வாங்கம்மா, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லிக்கொண்டே தலையணையைத் தூக்கு.

பழைய ஞாபகம் அப்படி இல்லை, ரொம்ப நாள் நிற்கும். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்து நினைப்பில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடுவது) நேரமாச்சு, உளியும் வாளியும் எங்கே என்று சித்தி கதவைத் தட்டுகிறார் என்றாய். "தோட்டமெல்லாம் போச்சும்மா, இது கோலாலம்பூர் செந்தூல் பிளாட்" என்று நீ விளக்க விளக்க அவருக்குக் கோபம் ஏறுகிறது. அடுத்த முறை, "ராத்திரி மழைம்மா, மரமெல்லாம் ஈரம்" என்று சொல்லிப் பார். மரம் ஈரமாக இருந்தால் பால் வெட்ட முடியாது. அது அவர் கைக்கே தெரிந்த விஷயம், திரும்பிப் படுத்துவிடுவார். எங்கள் மாமாவைப் பார்த்துக்கொண்ட காலத்தில் நான் கற்றது இதுதான். பொய் சொல்கிறோமே என்று உறுத்தும். ஆனால் பயத்தில் நடுங்குகிற மனுஷியிடம் உண்மையை நிலைநாட்டி நமக்கு என்ன ஆகப்போகிறது?

செய்வினை என்று பெரியப்பா வீட்டில் சொல்வதைக் காதில் போடாதே. வயசானால் இப்படித்தான் என்பதையும் நம்பாதே. டாக்டரிடம் கேட்க வேண்டியது, தைராய்டு, பி12 எல்லாம் பார்த்தாச்சா என்று. சித்தி பல வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர். அது பி12-ஐக் குறைக்கக்கூடும், பி12 குறைந்தாலும் மறதி வரும், அதைச் சரிசெய்யலாம். மனச்சோர்வும் மறதி போலவே தெரியும். காது மந்தமாக இருந்தால் அதையும் சோதிக்கச் சொல். அப்புறம் ஒன்று: ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் மோசமானால் அது இந்த நோய் முற்றியதாக இருக்காது. சிறுநீர்த் தொற்றாகவோ வேறு ஏதாவதாகவோ இருக்கலாம், அன்றைக்கே கூட்டிப் போ.

ஞாபகச் சோதனை நடக்கும்போது நீ கூட இரு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவரிடம் மலாயில் கேள்வி கேட்டு மதிப்பெண் போட்டால் நோய்க்கும் படிப்புக்கும் வித்தியாசம் தெரியாது. தமிழில் கேட்கச் சொல். கூச்சப்படாதே.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். இப்போது கொடுத்திருக்கிற டோனெபெசில் 1996-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. 5 மில்லிகிராமில் தொடங்கி, ஒத்துக்கொண்டால் சில வாரம் கழித்து 10 ஆக்குவார்கள். செல்களுக்கு இடையே செய்தி கொண்டுபோகிற அசிட்டைல்கோலின் சீக்கிரம் அழிந்துபோகாமல் அது பார்த்துக்கொள்ளும். கொஞ்ச காலம் தெளிவு நிற்கும், ஆனால் நோயை நிறுத்தாது. குமட்டல், வயிற்றுப்போக்கு வரலாம். நாடித்துடிப்பு குறையலாம், மயக்கம் வந்தால் உடனே சொல்ல வேண்டும். கெட்ட கனவு வந்தால் இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று கேள். நோய் கூடும்போது மெமாண்டின் என்ற இன்னொரு மருந்தைச் சேர்ப்பார்கள். சத்தம் போடுகிறார் என்பதற்காக அடக்கி வைக்கிற மனநோய் மாத்திரையை மட்டும் நீயாகக் கேட்டு வாங்காதே. மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு அதனால் உயிர் ஆபத்து கூடுகிறது. வேறு வழியே இல்லாதபோது, கொஞ்ச நாளைக்கு மட்டும், டாக்டர் கண்காணிப்பில்தான்.

அண்ணன் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அனுப்பிய அந்தப் புது ஊசி லெக்கானெமாப். அமெரிக்காவில் 2023-ல் முழு அனுமதி கிடைத்தது. அமிலாய்டு படிவை அது நிஜமாகவே அகற்றுகிறது. ஆனால் 1,795 பேரை வைத்து 18 மாதம் நடந்த ஆய்வில் நோயின் வேகம் 27 சதவீதம்தான் குறைந்தது. நோயின் தீவிரத்தை அளக்கிற 18 புள்ளி அளவுகோலில் அந்த வித்தியாசம் 0.45. போன ஞாபகம் திரும்பவில்லை. மருந்து பெற்றவர்களில் 100-க்குச் சுமார் 13 பேருக்கு மூளையில் வீக்கம் தெரிந்தது, சிலருக்கு இரத்தக் கசிவு. தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்ற வேண்டும், அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். அதுவும் நோயின் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்குத்தான். நாலு மணிக்கு உளி தேடுகிற சித்தி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார் என்றே நான் நினைக்கிறேன். இந்த ஊசிக்காக வீட்டை அடமானம் வைக்கிற பேச்சை அண்ணனை விடச் சொல். டாக்டர் வாயால் கேட்டால்தான் அண்ணன் நம்புவார் என்றால் அடுத்த முறை அவரையே கூட்டிக்கொண்டு போகட்டும்.

அந்தப் பணத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் ஆள் வைக்கலாம். பெட்டாலிங் ஜெயாவில் மலேசிய அல்சைமர் நோய் அறக்கட்டளை இருக்கிறது, பராமரிப்பவர்களுக்கு வழி சொல்கிறார்கள், போய்ப் பார். வங்கி, உயில் காரியங்களையும் சித்திக்கு இன்னும் புரிகிற இந்த நேரத்திலேயே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடு, தள்ளிப்போடாதே.

மகள்தானே, பார்த்துக்கொள்வாள் என்று இரண்டு அண்ணன்களும் கிள்ளானிலும் ஜொகூரிலும் நிம்மதியாக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. நீ கேட்கத் தயங்குகிறாய், நான் கேட்கிறேன். மாதத்தில் ஆளுக்கு ஒரு வாரம் வந்து தங்கட்டும், இல்லையென்றால் ஆள் வைக்கிற செலவைக் கொடுக்கட்டும். இந்த ஞாயிறு நான் காலையிலேயே வந்துவிடுகிறேன். சித்திக்குக் கஞ்சி நான் வைக்கிறேன், குளிக்கவும் வைக்கிறேன். நீ கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு.

அன்புடன்,
அக்கா