மரக்கோட்டை இருந்த மேடு

அன்புள்ள கோவிந்து,

உன் கடிதம் கிடைத்தது. மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்ளேன், அவரிடமும் ஏன் வாதம்? நான் ஷ்ரூஸ்பரியில் மகள் வீட்டில் சௌக்கியம். பேரனுக்குக் கோபம் வந்தால் மட்டும் தமிழ் வருகிறது.

போன வாரம் மாப்பிள்ளை வேல்ஸ் எல்லையில் மாண்ட்காமரி என்ற சிற்றூருக்குக் கூட்டிப்போனார். ஊருக்கு மேலே பாறையில் மூன்றாம் ஹென்றி 1223-இல் கட்டத் தொடங்கிய கற்கோட்டை நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கோ ஒரு மைல் தள்ளி, மரங்கள் மண்டிக் கிடக்கும் ஹென் டோமென் மேட்டின்மேல்தான் கண்.

அங்கே இருந்தது ஒரு மரக்கோட்டை. செவர்ன் ஆற்றைக் கடக்கும் துறையைக் காவல் காக்க, 1070-களில் ரோஜர் என்ற நார்மன் பிரபு கட்டியது. அகழி வெட்டிய மண்ணைக் குவித்து மேடாக்கி, உச்சியில் மரக்கோபுரம். கீழே மரவேலி சூழ்ந்த முற்றம். 1095-இல் வேல்ஸ்காரர்கள் பிடித்து, காவலுக்கு இருந்தவர்களை வெட்டிப்போட்டார்கள். திரும்பவும் கட்டினார்கள். 1300 வாக்கில் கைவிட்டபின் மரமெல்லாம் மண்ணோடு மண்ணாகிவிட்டது.

மக்கிப்போன அந்தக் கோட்டையைத்தான் ஃபிலிப் பார்க்கர் என்ற தொல்லியலாளர் 1960-லிருந்து 1992 வரை கோடைதோறும் தோண்டினார். பிறகு ராபர்ட் ஹையம் என்பவரும் சேர்ந்துகொண்டார். பார்க்கர் முதலில் பள்ளியில் ஓவியம் கற்றுக்கொடுத்தவர். அது வீண்போகவில்லை என்பேன், ஏனென்றால் அங்கே வேலையே நிறம் பார்ப்பதுதான். தூண் நட்ட குழி பரவாயில்லை, மரம் மக்கிய இடத்தில் மண் கறுத்துப் பொலபொலவென்று கிடக்கும். ஆனால் பல கட்டடங்களுக்குத் தூணே நடவில்லை. தரையில் உத்தரத்தைக் கிடத்தி அதன்மேல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அதுவும் மக்கிவிட்டால் மிச்சம் என்ன? பரவிக் கிடக்கும் கூழாங்கல் ஒரு நேர்கோட்டில் சட்டென்று நின்றுவிடும், அவ்வளவுதான். குறுக்கே ஒரு பள்ளம் வெட்டிப் பார்த்தால் இதெல்லாம் கண்ணில் படாது. பெரிய பரப்பை ஒரேயடியாகத் திறந்து, கொத்தனார் கரணையால் சுரண்டிச் சுரண்டிப் பார்க்க வேண்டும். அப்படித்தான் முற்றத்தின் வடபாதியைத் தோண்டினார்கள். நெருக்கியடித்துக்கொண்டு கட்டடங்கள், ஒன்றை இடித்து அதன்மேல் இன்னொன்று.

கிடைத்த பொருள்களோ சொற்பம், பெரும்பாலும் உடைந்த பானை ஓடுகள். பிரபுவின் கோட்டை என்றால் பட்டும் பொன்னும் என்று நாம் நினைக்கிறோம். இது சேறும் புகையுமாக இருந்த எல்லைக் காவல் முகாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது கோட்டைக்கும் அடியில் இருந்த விஷயம். மண்கரைக்குக் கீழே உழவுசால் வரிவரியாக அப்படியே இருந்திருக்கிறது. 1086-இல் இங்கிலாந்து அரசர் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கைப் பார்த்தால், கோட்டை வருமுன் இந்தப் பக்கத்து நிலம் தரிசு, மூன்று பேர் வேட்டைக்கு வைத்திருந்தார்கள் என்று இருக்கிறது. அதற்கும் முன்னால் யாரோ ஏர் ஓட்டிய வயல்! பிரபுக்களின் பெயரெல்லாம் ஏட்டில் இருக்கிறது. உழுதவனுக்கு அந்தச் சால்தான்.

பார்க்கும்போது கங்கைகொண்ட சோழபுரத்து உன் மாளிகைமேடு நினைவுக்கு வராமல் இருக்குமா? கூரை ஓடுகளையும் இரும்பு ஆணியையும் எனக்குக் காட்டி, ராஜேந்திர சோழன் அரண்மனையில் மிஞ்சியது இதுதான் என்று நீ அலுத்துக்கொண்டாய். உங்கள் ஊரில் செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கோயில் மதிலின் கல்கூட 1836-இல் கொள்ளிடத்தில் அணை கட்ட அணைக்கரைக்குப் போயிற்றே. இங்கே பெயர்க்க ஒன்றுமில்லை, அதனால்தான் மேடு பிழைத்தது என்று நினைக்கிறேன்.

ஒரு சந்தேகம். செங்கல் பெயர்த்த பள்ளங்களை வைத்தே சுவர் ஓடிய வழியைக் கண்டுபிடிக்கலாம் அல்லவா? மாளிகைமேட்டில் அப்படிச் செய்தார்களா? அகழாய்வில் வேலைசெய்த உன் பழைய மாணவனிடம் கேட்டு எழுது. அண்ணியிடம் நான் விசாரித்ததாகச் சொல். நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்பதையும் சொல்லிவை.

அன்புடன்,
ராமு