அப்பத்தாவின் கையைப் பார்த்துவிட்டு எழுது

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், அப்பத்தாவுக்கும் கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில், எங்கள் லீட்ஸில் இன்னும் குளிர் விடவில்லை. வேலை பழகிவிட்டது, காலை எட்டுக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் விடுவார்கள். எங்கள் முதியோர் இல்லத்தில் 30 பேர், பாதிப் பேருக்கு மறதி நோய்.

போன மாதம் ஒரு பாட்டியைக் குளிப்பாட்டப் போனேன். நைட்டியைக் கழற்றினால் மேல்கையின் உள்பக்கம் ஊதா நிறத்தில் வரிசையாக நாலு புள்ளி, வெளிப்பக்கம் ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிசாக. யாரோ பிடித்த பிடி. "யார்கிட்டயும் சொல்லாதே" என்றார். நம் ஊரென்றால் சரி பாட்டி என்று சொல்லிவிட்டு வெந்நீரை ஊற்றியிருப்பேன். இங்கே அந்த வாக்கைத்தான் கொடுக்கக் கூடாது, சேஃப்கார்டிங் என்று, முதியவர்களைக் கொடுமையிலிருந்து காப்பதற்கான பயிற்சியில் முதலில் சொன்னதே அதுதான். சொல்ல வேண்டியவர்களுக்கு மட்டும் சொல்வேன் பாட்டி என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார், முதுகில் சோப்பு நுரை அப்படியே இருந்தது.

மனித உருவத்தை முன்னும் பின்னும் வரைந்த தாள் ஒன்று உண்டு, பாடி மேப் என்பார்கள். எங்கே, எத்தனை, என்ன நிறம் என்று அதில் குறிக்க வேண்டும். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். யாராவது இழுத்தார்களா என்று நாமாக எடுத்துக் கொடுக்கக் கூடாது.

முந்தின ராத்திரி ட்யூட்டி யார் தெரியுமா? என்னோடு ஒரே அறையில் இருப்பவள், வந்த புதிதில் தன் கோட்டைக் கழற்றி எனக்குக் கொடுத்தவள். எங்கள் இருவர் விசாவும் இந்த வேலையோடு கட்டிப்போட்டது, வேலை போனால் 60 நாளுக்குள் விசாவுக்குப் பொறுப்பேற்கும் வேறு முதலாளியை, ஸ்பான்சரை, தேட வேண்டியதுதான். கூட இருந்தே போட்டுக் கொடுக்கிறோமே என்று பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பயிற்சியில் சொன்ன ஒரு விஷயம்தான் எழுத வைத்தது. பிரிஸ்டல் பக்கம் விண்டர்போர்ன் வியூ என்று ஒரு மருத்துவமனை, மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. அங்கே ஊழியர்கள் நோயாளிகளை அடித்ததையும் இழுத்ததையும் 2011-இல் பிபிசி ரகசியக் கேமராவில் எடுத்துக் காட்டியது, 11 பேர் தண்டனை பெற்றார்கள். அதற்கு முன்பே ஒரு நர்ஸ் புகார் சொல்லியிருக்கிறார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் கிளம்பும்முன் போலீஸ் சான்றிதழுக்காக நாயாய் அலைந்தோமே, இங்கே வந்தபிறகும் டிபிஎஸ் என்று குற்றப் பின்னணி பார்க்கும் இன்னொரு சோதனை. அதற்குப் பின்னால் 2002-இல் சோஹம் என்ற ஊரில் கொலையான இரண்டு பத்து வயதுச் சிறுமிகள் இருக்கிறார்கள். கொன்றவன் ஒரு பள்ளியின் பராமரிப்பு ஊழியன், அவன்மேல் வேறு ஊரில் முன்பே இருந்த புகார்கள் வேலைக்கு எடுத்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அன்று அலைந்ததற்குத் திட்டியதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

சரி, எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் ஊர் நிர்வாகமான கவுன்சிலுக்குத் தெரிவித்தார், 2014-இல் வந்த பராமரிப்புச் சட்டப்படி அவர்கள் விசாரித்தே ஆக வேண்டும். விசாரணை முடியும்வரை அவளை யார் அறைக்கும் விடவில்லை. அடிக்கவில்லையாம். பாட்டி கட்டிலிலிருந்து சரிந்திருக்கிறார், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியவரை இவள் தனியாகக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கியிருக்கிறாள், பயத்தில் எதையும் எழுதி வைக்கவில்லை. 30 பேருக்கு ராத்திரியில் இரண்டே ஆள் என்றால் பின்னே என்ன ஆகும்? இப்போது மூன்றாவது ஆள் போட்டிருக்கிறார்கள். அவளுக்கு மறுபடி பயிற்சி, வேலை போகவில்லை. என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை, நேற்று உப்பு எங்கே என்று மட்டும் கேட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பத்தா சித்தப்பா வீட்டு முறை முடிந்து வந்திருக்கிறது இல்லையா, அங்கே இரண்டு தடவை வழுக்கி விழுந்ததாகச் சொன்னாய். குளிக்க வைக்கும்போது மேல்கையின் உள்பக்கம் பார். முதியோர் உதவிப் பணத்தை யார் எடுக்கிறார்கள், ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது என்றும் கேள். இங்கே கொடுமை என்று போட்ட பட்டியலில் காசைப் பிடுங்குவதும் ஒன்று. சித்தப்பாவோடு சண்டைக்குப் போகாதே, அவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்கும்போது அவரோ சித்தியோ பக்கத்தில் இருக்கக் கூடாது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அப்பத்தாவிடம் சத்தியமும் பண்ணிவிடாதே.

உன் தங்கை