தைவானின் ஷின்சுவில் இருக்கும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அம்மிச்சி காலையும் மாலையும் உன்னைக் கேட்கிறார். வடக்குத் தோட்டத்து விஷயம் பெரியப்பா சொன்னபடியே முடிந்தது; அக்கா சொல்லியிருப்பாள்.

நீ ஆய்வகத்தில் இருக்கும் நேரம் பார்த்து ஃபோன் அடித்துவிடுவேனோ என்றுதான் எழுதுகிறேன். கடைசியாகப் பேசியபோது, தைவானின் சிப் செய்யும் கம்பெனி டிஎஸ்எம்சி வளர்ந்ததற்கு அரசாங்கப் பணமும் நல்ல நேரமும்தான் காரணம், படித்து முட்டி மோதுவதால் ஒன்றும் ஆவதில்லை என்று சொன்னாய். நீ சொன்ன விதம் மனசில் கிடந்து உறுத்துகிறது. பணம் என்பது பாதி உண்மை. மீதியை நீயும் அறிவாய், இருந்தாலும் எழுதுகிறேன்.

1987 பிப்ரவரியில் தொடங்கியபோது கிட்டத்தட்டப் பாதிப் பங்கு அரசு நிதி. கால் பங்குக்குச் சற்று மேல் பிலிப்ஸ். மீதியை உள்ளூர் முதலாளிகளைக் கூப்பிட்டு வற்புறுத்திப் போட வைத்தார்கள். இன்டெலும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் வர மறுத்துவிட்டன. பிலிப்ஸ் தந்ததில் பணத்தைவிடப் பெரியது அதன் காப்புரிமைகளின் நிழல். புதிதாக முளைத்த கம்பெனி வழக்குகளில் சிக்காமல் நின்றது அதனால்தான். ஆனால் ஒன்று யோசி. 1976இல் அமெரிக்க ஆர்சிஏ கம்பெனியிடம் தொழில்நுட்பம் வாங்கி, தைவான் எஞ்சினியர்களை அமெரிக்காவுக்குப் பயிற்சிக்கு அனுப்பியதே அரசுதான். அந்த விதையிலிருந்து 1980இல் முதலில் முளைத்தது யுஎம்சி என்ற சிப் கம்பெனி. அரசின் ஆதரவு அதற்கும் இருந்தது, ஏழு வருடம் முன்னதாகவே இருந்தது. பணம் மட்டும் போதுமென்றால் இன்று எல்லோரும் யுஎம்சி வாசலில் அல்லவா நிற்க வேண்டும்?

டிஎஸ்எம்சியைத் தொடங்கிய மோரிஸ் சாங் பார்த்தது வேறு. தைவானிடம் சிப் வடிவமைப்பும் இல்லை, விற்பனை வலையும் இல்லை. உற்பத்தி மட்டும் வரும். சோதனை ஆலையில் ஆர்சிஏவைவிட நல்ல ஈல்டு, அதாவது செய்ததில் தேறும் சிப்களின் சதவீதம், எடுத்துக் காட்டியிருந்தார்கள். எனவே நம் ஊர் ஜாப்வொர்க் போல, அடுத்தவர் வடிவமைப்பை அச்சுப் பிசகாமல் செய்து தருவது, சொந்தப் பெயரில் ஒரு சிப்கூட விற்பதில்லை என்று முடிவெடுத்தார். அதுவரை ஆலை இல்லாத வடிவமைப்பாளர்கள் பெரிய கம்பெனிகளின் ஓய்வு நேரத்தைக் கேட்டு வாங்கி ஓட்டினார்கள். சந்தை சூடானால் அந்த வரிசை பறிபோகும்; வடிவமைப்பைப் போட்டியாளர் கையிலேயே கொடுத்த பயம் வேறு. அந்த இரண்டும் இங்கே இல்லை. பிறகு இன்டெல் தன் வேலையைக் கொடுக்கும் முன் ஆலையைச் சோதித்து நீளமாகக் குறை எழுதியது. ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். இன்டெலின் ஒப்புதல் கிடைத்த பிறகு மற்றவர்களுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

ஆய்வகத்தில் HF, அதாவது ஹைட்ரோஃபுளூரிக் அமில வேலைக்கு மேலே முழங்கை வரை வரும் தடித்த கையுறை, உள்ளே ஒன்று மெல்லியது. மறக்காதே. நீர்த்த HF பட்டால் உடனே எரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் வலிக்கும், அதற்குள் எலும்பு வரை இறங்கியிருக்கும்.

ஈல்டுக்கு வருகிறேன், இங்கேதான் எல்லாம் இருக்கிறது. ஆயிரம் படிகள் என்று வைத்துக்கொள். ஒவ்வொரு படியும் 99.9 சதவீதம் சரியாக நடந்தால் கடைசியில் தேறுவது 37 சதவீதம்தான். அதையே 99.99 ஆக்கினால் 90. நடுவில் இருக்கும் அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் ஒரு கம்பெனி வாழ்கிறது, இன்னொன்று மூடுகிறது. பரப்பளவிலும் அதே கதை: சதுர சென்டிமீட்டருக்கு 0.1 குறை என்றால் 1 சதுர சென்டிமீட்டர் சிப்பில் நூறுக்குத் தொண்ணூறு தேறும், 8 சதுர சென்டிமீட்டர் பெரிய சிப்பில் 45. குறை 0.5 ஆனால் பெரிய சிப்பில் நூறுக்கு இரண்டு. இதைக் குறைக்க, வேஃபர் என்னும் சிலிக்கான் தட்டை வரிசையில் ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வழி இல்லை. கழுவிய வேஃபர் குறித்த மணிக்குள் உலைக்குள் போகாவிட்டால் மேலே தானாக ஆக்சைடு படியும். காற்றில் துளி அம்மோனியா இருந்தால் ஒளியில் வடிவம் பதியும் ரெசிஸ்ட் பூச்சின் மேல்தோல் கரையாமல் நின்று கோடுகள் T வடிவில் வரும். பல வாடிக்கையாளர்களின் வேஃபர்கள் ஒரே வரிசையில் ஓடுவதால், ஒருவர் சிப்பில் தெரிந்த குறை மற்றவருக்கும் முன்கூட்டியே சரியாகிவிடுகிறது. யுஎம்சி, இன்டெல் யாரிடமும் இந்த அளவு இல்லை. என் கணிப்பில் உண்மையான முதலீடு அதுதான்.

2000ஆம் ஆண்டு 0.13 மைக்ரான் தலைமுறையை மறுபடி படித்துப் பார். அலுமினியக் கம்பிக்குப் பதில் தாமிரம் வந்த நேரம். தாமிரத்துக்கு மின்தடை குறைவு, ஆனால் சிலிக்கானுக்குள் நழுவினால் டிரான்சிஸ்டர் போய்விடும், அதனால் சுற்றிலும் டான்டலம் தடுப்பு வேண்டும். அலுமினியம்போல அரித்து வடிவம் எடுக்கவும் வராது. முதலில் மின்காப்பில் பள்ளம் தோண்டி, தடுப்பு பூசி, தாமிரத்தை முலாமாக நிரப்பி, மிஞ்சியதைத் தேய்த்து எடுக்க வேண்டும். ஐபிஎம் தன் முறையைத் தர முன்வந்தது. யுஎம்சி அதனுடன் சேர்ந்தது. டிஎஸ்எம்சி மறுத்து, சியாங் ஷாங்-யி தலைமையில் தானே செய்தது. ஐபிஎம் எடுத்த மின்காப்பு சில்க் என்ற பாலிமர். மின்காப்புப் பொருளுக்கு k என்ற எண் குறையக் குறைய நல்லது; அதற்கு 2.65, கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மென்மையானது, சூட்டில் தாமிரத்தைவிடப் பல மடங்கு விரியும். வெப்பம் ஏறி இறங்க, அடுக்குகளை இணைக்கும் துளைகளில் தாமிரம் அறுந்தது. டிஎஸ்எம்சிக்காரர்கள் வாயுவிலிருந்து படிய வைக்கும் கார்பன் கலந்த ஆக்சைடை எடுத்தார்கள். k சற்று மோசம், ஆனால் வரிசையில் தாங்கியது. யுஎம்சி பின்தங்கியது அங்கேதான். அழகான எண்ணைவிடத் தாங்கும் பொருளைத் தேர்ந்தவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

உன் வளாகத்திலேயே பேராசிரியராக இருக்கும் பர்ன் லின் டிஎஸ்எம்சியில் இருந்தபோது செய்ததும் அப்படித்தான். சிப்பின் கோடுகளை அச்சிட எல்லோரும் 157 நானோமீட்டர் ஒளிக்கும் கால்சியம் ஃபுளோரைடு லென்ஸுக்கும் பணத்தைக் கொட்டிய நேரத்தில், இருக்கும் 193 ஒளிக்கும் வேஃபருக்கும் நடுவே தண்ணீரை விடச் சொன்னார். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.44; 193ஐ அதனால் வகுத்தால் 134, அதாவது 157ஐவிடச் சிறியது. குமிழியும் தண்ணீர்த் தடமும் வேஃபரைக் கெடுத்தன, அதையும் தீர்த்தார்கள். அவர் வகுப்பில் உட்கார உனக்கு வாய்த்ததை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீதான் எனக்கு இரண்டு வரி எழுதுவதில்லை.

அதன்பின் 2009இல் 77 வயதில் சாங் மறுபடி பொறுப்பேற்று, 2010 முதலீட்டை 590 கோடி டாலராக்கினார். 28 நானோமீட்டர் தலைமுறையில், டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் ‘கேட்’ பகுதியைக் கடைசியில் வைக்கும் முறையைத் தேர்ந்தார்கள். 2014இல் ஆப்பிள் வாடிக்கையாளராக வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் 2019 தொடக்கத்தில் ஒரு தொகுதி ஃபோட்டோரெசிஸ்ட் கெட்டு ஆயிரக்கணக்கான வேஃபர்கள் குப்பைக்குப் போயின. அந்தக் காலாண்டில் 55 கோடி டாலர் வருமானம் குறையும் என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். மறைக்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்து, உள்ளே வரும் பொருள்களின் சோதனையை இறுக்கினார்கள்.

சாங் எம்ஐடியில் முனைவர் தகுதித் தேர்வில் இரண்டு முறை தோற்றவர். வேலைக்குப் போனார். 1958இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில், எதுவுமே தேறாமல் கிடந்த டிரான்சிஸ்டர் வரிசையை அவரிடம் கொடுத்தார்கள். வெப்பத்தையும் அழுத்தத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஈல்டை இருபது சதவீதத்துக்கு மேல் கொண்டுவந்தார். ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் 1964இல்தான். டிஎஸ்எம்சி தொடங்கும்போது வயது 55. இதை எதற்கு எழுதுகிறேன் என்று நீ கேட்க வேண்டாம், நானும் எதையும் கேட்கவில்லை. அக்காவும் கேட்கமாட்டாள், சொல்லிவைத்திருக்கிறேன். அப்பா மட்டும் காலண்டரில் செப்டம்பர் தாளைக் கிழிக்காமல் வைத்திருக்கிறார்.

துறையில் இந்தப் பருவத்தில் எது எப்படி நடந்திருந்தாலும் சரி, நீ வாயால் சொன்னால் போதும். நேரத்துக்குச் சாப்பிடு. தங்கும் அறையை மாற்றுவதாக இருந்தாலோ, ஊருக்கு வருவதாக இருந்தாலோ டிக்கெட் பணம் தனியாக இருக்கிறது, அதை நினைத்துத் தயங்காதே. புதன்கிழமை அக்கா வீட்டில் இருப்போம். எங்களுக்கு எட்டு மணி, உனக்குப் பத்தரை. அதற்கு மேல் எந்நேரமானாலும் கூப்பிடு.

உன் மேசையில், HF பட்டால் தடவும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று பார்த்து எழுது. முடிந்திருந்தால் ஆய்வகப் பொறுப்பாளரிடம் சொல்லிப் புதியது வாங்கி வை. HFஐக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றாதே, பிளாஸ்டிக்கில்தான்.

அன்புடன்,
அம்மா