ஏ.வி. பாலத்தின் அடியிலிருந்து ஒரு படம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மதுரையில் வைகையில் தண்ணீர் வந்த படத்தைப் போட்டு, பின்னால் தெரியும் ஏ.வி. பாலத்துக்கு 'பழமையான பாலம்' என்று ஒற்றை வரி எழுதி முடித்துவிட்டீர்கள். ஏ.வி. என்றால் என்ன தாத்தா என்று பேரன் கேட்டான். வீட்டில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

ஆல்பர்ட் விக்டர், விக்டோரியா ராணியின் பேரன். பாலம் திறந்த 1889-ல்தான் அவர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தார். அப்புறம் 1892-ல், 28 வயதிலேயே, பட்டத்துக்கு வராமல் போய்ச் சேர்ந்தார். அவர் ஊரிலேயே அவரை எத்தனை பேர் நினைக்கிறார்களோ, கோரிப்பாளையத்தில் பஸ் கண்டக்டர் வாயில் இன்னும் அவர்தான்!

பெயரை விடுங்கள், எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. வைகை அணை திறந்தது 1959. இந்தப் பாலம் கட்டும்போது மேலே தடுத்து நிறுத்த எந்த அணையும் கிடையாது, வெள்ளம் வந்தால் அப்படியே முழுசாக வரும். அதைத் தாங்கியது அந்த வளைவுகள். எங்க அப்பா கொத்தனார், சின்ன வயதில் என்னை ஆற்று மணலில் நிறுத்திக் காட்டியிருக்கிறார்: மேலே வண்டி ஏற ஏற வளைவில் கல்லும் கல்லும் இன்னும் நெருக்கிக்கொள்ளும், அந்தப் பாரம் இரண்டு பக்கமும் வழிந்து தூணுக்குள் இறங்கி அஸ்திவாரத்துக்குப் போய்விடும், அதனால் உள்ளே இரும்புக் கம்பியே தேவையில்லை என்று.

அதே இடத்தில் போன மாதம் நின்று பார்த்தேன். கல் இடுக்கில் அரசங்கன்று. மேலோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேர் தடிக்கத் தடிக்கக் கல்லைப் பிரிக்கும். சரி, வேரைத் தோண்டி எடுத்த பிறகாவது சிமென்ட்டை அப்பிவிடாமல் இருக்க வேண்டும். சிமென்ட் இறுகிப்போய் உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது, பழைய கட்டடத்துக்குச் சுண்ணாம்புக் கலவைதான். பராமரிப்புப் பார்ப்பவர்களிடம் வாயால் சொன்னேன், தலையாட்டினார்கள்.

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது எல்லா கேமராவும் மேலே, கூட்டத்தைத்தான் பார்க்கும். அதற்கு முன்னால் ஒருநாள் உங்கள் போட்டோகிராபரை வடகரை வழியாகக் கீழே அனுப்புங்கள். கன்று இன்னும் என் முழங்கை உயரம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செல்லூர் வாசகர்