கேத்தர்பால் மைதானம்

கண்ணு,

போனில் இதை ஆரம்பித்தால் "சரிம்மா, ஃபாலினுக்கு வரிசையில் நிற்க நேரமாச்சு" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கடக்வாஸ்லாவில், உன் தேசிய பாதுகாப்பு அகாடமியில், நீங்கள் பரேடு நடக்கிற மைதானத்துக்குக் கேத்தர்பால் பெயர் என்றாயே, அந்த அருண் கேத்தர்பாலைப் பற்றித் தேடிப் படித்தேன். பையன் என்றுதான் எழுத வருகிறது. உன் அகாடமியில் படித்தவன்தான். 1971 ஜூனில் பூனா ஹார்ஸ் டாங்கிப் படையில் செகண்ட் லெப்டினன்ட். டிசம்பர் 16-இல் ஆள் இல்லை. வயது 21. அகமத்நகரில் பயிற்சியில் இருந்தவன், பாகிஸ்தானோடு போர் என்றதும் ரயிலேறியிருக்கிறான். லாகூரில் கோல்ஃப் ஆடலாம் என்று மட்டைகளையும் கட்டிக்கொண்டு போனானாம்! அந்த வயசுத் திமிர். உனக்கும் உண்டு.

பசந்தர் ஆற்றுப் பக்கம் கண்ணிவெடிகளை முழுசாக எடுத்து முடிக்கும் முன்பே இவர்கள் டாங்கிகள் உள்ளே போய்விட்டன. ஜர்பாலில் நேருக்கு நேர் சண்டை. இவன் டாங்கி தீப்பிடித்தது. விட்டுவிட்டு வா என்று வயர்லெஸ்ஸில் உத்தரவு. பீரங்கி இன்னும் சுடுகிறது, வரமாட்டேன் என்றான். அன்றைக்கே டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணாகதிக் கையெழுத்து. மறுநாள் மேற்கிலும் சண்டை நின்றுவிட்டது. ஒரே ஒரு நாள், கண்ணு.

போர்க்கள வீரத்துக்கான மிகப் பெரிய விருதான பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். அதையெல்லாம் உனக்கு அங்கேயே சொல்லியிருப்பார்கள். என் மனசு அவன் அப்பாவிடம்தான் நிற்கிறது. அவரும் பட்டாளத்தில் பிரிகேடியராக இருந்தவர். 2001-இல், 81 வயதில், பிறந்த ஊரான சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். லாகூரில் அவரை வீட்டில் தங்கவைத்து அப்படிக் கவனித்துக்கொண்ட பாகிஸ்தான் பட்டாளத்துப் பிரிகேடியர் நாசர், கிளம்புவதற்கு முந்தின ராத்திரி சொன்னாராம்: உங்கள் மகன் என் கையால்தான் செத்தான் என்று. அதைக் கேட்டுவிட்டு அதே வீட்டில் படுத்து எழுந்திருக்க வேண்டுமே! நாசரும் பாவம்தான். முப்பது வருஷம் அதைச் சுமந்திருக்கிறார்.

சிங்கம் மாதிரி சண்டை போடு என்று சொல்லி அனுப்பினாராம் அருணின் அம்மா. அது பட்டாளத்துக் குடும்பம். மஞ்சள் மண்டிக்காரர் வீட்டில் பிறந்த எனக்கு அந்த வாய் வராது. பொண்ணுங்களை டாங்கிப் படைக்கு எடுப்பதில்லை என்று நீ கோபமாகச் சொன்ன அன்றைக்கு, நான் கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு வந்தேன். திட்டாதே. உன்னைத் திரும்பி வா என்று கூப்பிட மாட்டேன், அது மட்டும் நிச்சயம்.

பாஸிங் அவுட்டுக்கு முட்டிவலியோடு அப்பிச்சியும் வருகிறேன் என்கிறார். பரேடு முடிகிற வரைக்கும் உட்கார நாற்காலி கிடைக்குமா, கேட்டுச் சொல்.

அம்மா